சம்பந்தி வீட்டின் பின்கட்டு

இந்த நாட்டில் தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவரைக் காலையில் எழுப்பியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்றைக்கு எந்தச் சட்டை போட்டுக்கொள்கிறீர்கள் என்பது. அலமாரியில் தொங்குவதே நாலு சட்டைதான். அதிலும் இரண்டு ஒரே நிறம். அவருக்கோ கண் மங்கல், பேச்சும் குழறும். இருந்தாலும் இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்துக்கு எதிரே பிடித்து, ஏதாவது ஒன்றின் பக்கம் அவர் தலையசைக்கும் வரை நின்றாக வேண்டும். டீயில் சர்க்கரை போடட்டுமா என்று அதே ஆளிடம் தினமும் கேட்க வேண்டும். கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக் குடும்பம் ஒன்றிலிருந்து கிளம்பி, இங்கிலாந்தின் வடக்கே மழை ஓயாத இந்தச் சிறு நகரத்தில் முதியோர் இல்லத்துப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த புதிதில், இதையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. பெற்றவர்களிடம் யாராவது இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார்களா? வேண்டியதைத் தெரிந்துகொண்டு செய்வதல்லவா பிரியம்? கேட்டுக் கேட்டுப் பரிமாறுவது ஓட்டலில் அல்லவா நடக்கும் என்று ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தத் திமிரோடுதான் ஹாரி என்ற பெரியவரின் அறைக்குள் ஒருநாள் போனேன். கை நடுக்கம் உள்ளவர். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து திணறிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு தாங்கவில்லை. குனிந்து மளமளவென்று அத்தனை பொத்தான்களையும் போட்டுவிட்டு, காலரையும் சரிசெய்து, கன்னத்தில் ஒரு தட்டும் தட்டினேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சிவந்து, நான் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். 'நான் இன்னும் சாகவில்லை' என்றார். குளியலறையில் போய் நின்று அழுதேன். அன்பாகச் செய்ததற்கு இப்படி ஒரு பேச்சா என்று இருந்தது. அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. புரிந்த பிறகு நான் இந்த வேலையை வேறு விதமாகச் செய்தேன். அதைப் பார்த்துத்தான் மேலே படிக்கச் சொன்னார்கள். படித்தேன், பரீட்சை எழுதினேன். இன்றைக்கு நான் முதியோர் இல்லங்களுக்குப் போய் அங்கே கவனிப்பு எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற ஆள்.

இந்த வேலையில் முதல் விதி, போகிறேன் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. மணி அடித்து, அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போய்விட வேண்டும். மேலாளர் சிரித்தபடி காப்பி கொண்டுவருவார். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரு மூலையில் நானும் சும்மா உட்கார்ந்துவிடுவேன். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்கள் எனக்குத் தேவையில்லை. விரல் நகங்களைப் பார்ப்பேன். குதிகாலைப் பார்ப்பேன், ஏனென்றால் படுக்கைப்புண் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். பேச வருகிற பணிப்பெண் நின்றபடி பேசுகிறாளா, குனிந்து முகம் பார்த்துப் பேசுகிறாளா என்று கவனிப்பேன். கடைசியாக, பெரியவர்களிடம் தனியாகப் பேசுவேன். கதவைச் சாத்திவிட்டு, மேலாளரை வெளியே அனுப்பிவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்பேன். அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதற்கு மேல் நான் எதையும் வைத்துப் பார்ப்பதில்லை. இதுவரை இதில் நான் ஏமாந்ததில்லை என்று ஒரு கர்வமும் எனக்கு இருந்தது.

அப்பா போனபின் அம்மா அண்ணனோடு பண்ணை வீட்டில் இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்தும் எழுந்து நடக்க முடியவில்லை. அண்ணனும் அண்ணியும் விடிந்தால் தீவனம், முட்டை, லாரி என்று ஓடுகிறவர்கள். ஒரு இல்லத்தில் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தபோது நான்தான் லீவு போட்டுவிட்டு வந்து இடம் தேடினேன். சேலத்தைத் தாண்டி, ஏற்காட்டு மலை ஏறுவதற்கு முன்னால், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு இல்லம் கிடைத்தது. அங்கும் சொல்லாமல்தான் போனேன். நகம் பார்த்தேன், குதிகால் பார்த்தேன். எல்லாம் சுத்தம். முன்பக்கம் ஜன்னலோரமாக ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், காற்று வரும். நடத்துகிறவர் நம் பக்கத்து மனிதர், மரியாதை தெரிந்தவர். இங்கிலாந்தில் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இதற்குக் கிட்டே நிற்காது என்று நினைத்தேன். அம்மாவைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் ஊரில் இருப்பவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டீர்கள். நல்ல காரியம்தான் நடந்தது. அண்ணன் ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கப் போவான். இல்லத்துக்காரருக்கும் அவனுக்கும் பழக்கம் ஏற்பட்டது. பேசிப் பார்த்ததில் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. அவர் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அண்ணன் மகள் தாரணிக்கும் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தியது, நிச்சயம் ஆனது. செய்தி வந்த அன்று நான் இங்கே தனியாகக் கேசரி கிண்டிச் சாப்பிட்டேன். தாரணிக்கு நல்ல இடம் என்பது ஒரு சந்தோஷம். இனி அம்மா இருப்பது யாரோ நடத்தும் இல்லம் இல்லை, சம்பந்தி வீடு என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். எந்தச் சட்டமும் எந்த இன்ஸ்பெக்டரும் தர முடியாத பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நம்பினேன். சம்பந்தியிடம் காசு வாங்குவதா என்று அவர் அதன் பிறகு மாதப் பணத்தை வாங்கவும் மறுத்துவிட்டாராம். அதை அண்ணன் பெருமையாகச் சொன்னான், நானும் பெருமையாகக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா வருவாள். குளித்து, திருநீறு இட்டு, துவைத்த சேலை கட்டி, அதே ஜன்னலோரத்தில் அதே நாற்காலியில் இருப்பாள். பின்னால் மலை தெரியும். எப்படி இருக்கிறாய் என்றால், "எனக்கென்ன சாமி, ராசாத்தியாட்ட இருக்கறேன்" என்பாள். நான் பரீட்சை எழுதித் தேறிய கண்ணால் அந்தப் படத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

தாரணியின் கல்யாணத்துக்காக வந்தபோது கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நாமக்கல் போய் அண்ணனோடு வருவதாகத்தான் பேச்சு. ஆசை யாரைக் கேட்கிறது? டாக்சிக்காரரிடம் சேலம் போகச் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், சோதிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. பெட்டிகளோடு உச்சி வெயிலில் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். செல்வி என்ற பணிப்பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வீடியோ காலில் போனைப் பிடிப்பவள் அவள்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டாள்.

"அக்கா, அண்ணன் போனே பண்ணலீங்களே!" என்றாள்.

"அண்ணன் எதுக்குப் போன் பண்ணோணும்?"

"எப்பவும் பண்ணிட்டுத்தானுங்க வருவாரு. நீங்க செத்த உக்காருங்க, அம்மாவக் கூட்டிட்டு வந்தர்றேன்."

நான் உட்காரவில்லை. ஜன்னலோர அறைக்குப் போனேன். கட்டிலில் யாரோ ஒரு பெரியவர் படுத்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மகன் அமெரிக்காவில் இருக்கிறானாம், நெடுநாளாக இதே அறைதானாம். தோட்டத்துப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை இருந்தது. முன்பு நான் வந்தபோது அது சாமான் போட்டு வைக்கிற இடம். அங்கே வரிசையாகப் போட்டிருந்த கட்டில்களில் கடைசிக் கட்டிலில் அம்மா கிடந்தாள். வெக்கை ஆளைத் தள்ளியது. டயப்பர் ஊறிப்போய் மெத்தை வரைக்கும் நனைந்திருந்தது. வலது கையை ஒரு பழைய வேட்டிக் கிழிசலால் கட்டில் காலோடு கட்டியிருந்தார்கள். நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. போர்வையை விலக்கிப் பார்த்தேன். குதிகாலில் புண். அது ஒரு நாளில் வந்த புண் இல்லை. இங்கிலாந்தில் என்றால் அந்த நிமிடமே கட்டடத்தை மூட வைத்திருப்பேன். அம்மாவின் கட்டிலருகே போர்வையைப் பிடித்தபடி நின்றேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள், அழுவாள், என்னைக் கூட்டிப்போ என்பாள் என்றெல்லாம் ஒரு கணம் நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது பயம்.

"ஏன் சாமி சொல்லாம வந்துட்ட?" என்றாள்.

கட்டை அவிழ்த்து, கழுவித் துடைத்து, சேலை மாற்றினேன். செல்வி பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதற்குள் இல்லத்துக்காரர், அதாவது எங்கள் சம்பந்தி, இளநீரோடு வந்துவிட்டார். அவர் முகத்தில் துளியும் குற்ற உணர்ச்சி இல்லை. வீட்டுக்கு வந்த பெண்ணை வரவேற்கும் சிரிப்பு மட்டுமே இருந்தது. கையைக் கட்டியது ஏன், புண்ணுக்கு மருந்து எங்கே, அறையை ஏன் மாற்றினீர்கள் என்று நான் வேலையில் கேட்பதுபோலவே ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"அம்மிணி, அந்த ரூமெல்லாம் வெளியாளுங்களுக்குங்க. ஒன்னு கொறஞ்சாலும் அவிங்க புள்ளைங்க அங்கிருந்து சண்டைக்கு வந்துருவாங்க. நம்மளுக்குள்ள என்னங்க இருக்குது? நம்ம அம்மா, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க. மொதல்ல எளநி குடிங்க."

அவர் மனதாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. விருந்து நெரிசலில் வெளியாட்களை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டுச் சொந்தக்காரர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுவோமே, அந்தக் கணக்கில் என் அம்மாவைக் கொட்டகைக்குத் தள்ளியிருந்தார். நான் பாதுகாப்பு என்று நினைத்துக் கேசரி கிண்டிய சொந்தம்தான் அவளுடைய ஜன்னலை எடுத்துக்கொண்டது. சொந்தம் ஆகாமல் இருந்திருந்தால் அவள் மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

தகவல் போய் அண்ணன் நாமக்கல்லிலிருந்து வந்து சேர்ந்தான். கொட்டகைப் பக்கம் அவன் போகவே இல்லை. வந்ததும் வராததுமாக என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஏம்பாப்பா, ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? சம்மந்தி ஊட்டுக்கு இப்பிடித்தான் திடுதிப்புனு போயி நிப்பாங்களா?"

"ஏனுங்கண்ணா, அம்மா கையக் கட்டி வெச்சிருக்காங்க. குதிகால்ல புண்ணு. நீங்க வாரவாரம் வந்து என்னத்தப் பாத்தீங்க?"

"எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? போயி அவரு சட்டையப் புடிக்கட்டுமா? நாளைக்கு நம்ம புள்ள அந்த ஊட்டுல வாழோணும். நீ வெள்ளக்காரனுக்குப் பாக்கற வேலைய இங்க வந்து பாக்காத."

தெரியும் என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவன்மேல் இருந்த எல்லாம் அறுந்துபோயிற்று. ஏமாற்றப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவன் போன் செய்துவிட்டு வருவான். அதற்குள் அம்மாவைக் கழுவி, உடுத்தி, அந்தப் பெரியவரைக் கொஞ்ச நேரம் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அண்ணன் அதைப் பார்த்து, வீடியோ காலில் எனக்குக் காட்டி, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவான். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் போகக் கூடாது என்ற நம் ஊர் மரியாதை அவனுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது! பார்க்க வேண்டாததைப் பார்க்காமல் இருக்க அவன் முறையாக முன்கூட்டியே தகவல் கொடுத்துவந்தான்.

இன்னும் ஒரு வழி எனக்கு இருந்தது. பக்கத்தில், சேலம் ஊருக்குள் அஸ்தம்பட்டியில் வாடகைக்கு வீடு பிடித்து, நர்ஸ் வைத்து, அம்மாவை அங்கே கொண்டுபோய்விடலாம். அம்மா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணனையும் சம்பந்தியையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தினேன். கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை அம்மா, உள்ளதைச் சொல், உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பாத்துக்கறாங்க," என்றாள் அம்மா.

புண்ணைத் தொட்டுக் காட்டினேன். கையில் துணி கட்டியிருந்த இடத்தின் சிவப்பைக் காட்டினேன். அவள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் இங்கிருந்து போனா நாலு பேரு ஏன்னு கேப்பாங்க சாமி. கண்ணாலம் நின்னு போயிரும். நிக்காட்டியும் தாரணியக் குத்திக் காட்டியே கொன்னுருவாங்க. நீயி லீவு முடிஞ்சா போயிருவ. அவ இங்கதான் இருக்கோணும்."

"அப்ப ஞாயித்துக்கெழம எங்கிட்டச் சொன்னதெல்லாம் பொய்யா?"

"அவிங்க மேல கோவப்படாத. நாந்தான் செல்விகிட்டச் சொல்லி வெச்சேன். எம் புள்ள பாக்கறப்ப நல்ல சீலையா உடுத்தி உடுன்னு."

அண்ணன் செய்தது துரோகம், சம்பந்தி செய்தது துரோகம், அவற்றுக்குக் கோபப்பட எனக்குத் தெரியும். அம்மா செய்ததற்கு என்ன பெயர் வைப்பது? பேத்திக்காக என்னிடம் வாரம் தவறாமல் பொய் சொல்லியிருக்கிறாள். நான் அவள் கட்சி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என்னை அவள் வெளியாளாக வைத்துவிட்டாள். வெளியாளுக்கு முன்னறையைக் காட்டுவதுதானே அந்த இல்லத்து வழக்கம்?

மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்க வழி இருக்கிறதே என்று இதைப் படிக்கும் நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. கொடுத்தால் அதிகாரி வந்து முதலில் அம்மாவைத்தான் கேட்பார். அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் வார்த்தைதான் கடைசி வார்த்தை என்று நானே இங்கிலாந்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அஸ்தம்பட்டி கிளினிக் ஒன்றிலிருந்து நர்ஸ் வந்து புண்ணுக்குக் கட்டுப் போட ஏற்பாடு செய்தேன். கையைக் கட்டக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ஆமாம், கெஞ்சினேன். பெண் வீட்டுக்காரர்கள் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினேன். அம்மாவுக்கு வெக்கையில்லாத ஒரு இடமாவது கொடுங்கள் என்றதற்கு, கல்யாண அலைச்சல் முடியட்டும் அம்மிணி என்றார் சம்பந்தி.

கல்யாணம் நாமக்கல்லில் பெரிய மண்டபத்தில் நடந்தது. பட்டுச்சேலை உடுத்திய அம்மாவை வீல்சேரில் வைத்துச் சம்பந்தியே தள்ளிக்கொண்டு வந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. முகம் தெரியாத உறவுகள் எல்லாம் என்னிடம் வந்து, "உங்களுக்கென்னங்க கவல, இப்பிடி ஒரு சம்மந்தி யாருக்குங்க கெடைப்பாங்க!" என்றார்கள். ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினேன். தாரணி காலில் விழுந்தபோது அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்று நானும் அப்போது வேண்டிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

புறப்படுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளத் தனியாகப் போனேன். கல்யாணம் முடிந்த அன்றே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டிருந்தாள். "இனி வாரப்ப ஒரு போன் பண்ணிட்டு வா சாமி. அவிங்க முன்னாடி என்னைய அந்தக் கோலத்துல வெச்சுப் பாக்காத. எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாமாட்ட இருக்குது." சாயங்கால வெயிலில் டாக்சியைத் தெருமுனையிலேயே அனுப்பிவிட்டு நடந்து வந்தேன். கேட்டின் மேல் கை வைத்தேன். என் நாட்டில், அதாவது நான் சம்பளம் வாங்குகிற நாட்டில், இப்படிப்பட்ட எந்தக் கேட்டையும் யாரையும் கேட்காமல் திறக்க எனக்கு உரிமை உண்டு. தோட்டத்துப் பக்கமிருந்து யாரோ முனகும் சத்தம் வந்தது. அது அம்மாவின் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கையை எடுத்துவிட்டு, கேட்டை ஒட்டிய புங்கமரத்துக்குப் பின்னால் போய் நின்று போன் செய்தேன். செல்விதான் எடுத்தாள்.

"அஸ்தம்பட்டி தாண்டிட்டேன் செல்வி. வந்துட்டே இருக்கறேன்," என்றேன்.

"சரிங்கக்கா, மெதுவா வாங்க."

போன் அணைந்ததும் உள்ளே செல்வி யாரையோ கூப்பிட்டது தெருவரைக்கும் கேட்டது. "அந்தம்மா பொண்ணு வருதாம், சீக்கிரம் தண்ணி கொண்டா!" குழாய் திறந்தார்கள். பக்கெட் தரையில் உரசியது. முன்னறைப் பெரியவர் ஏதோ முணுமுணுத்தபடி வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தார். மலைக்குப் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனது. அஸ்தம்பட்டியிலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரமும் நான் அந்த மரத்துக்குப் பின்னாலேயே நின்றேன்.